கூறப்படுகிறது

ஜூன் 9

ஏழாம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சாருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது, பேப்பரில் ‘வாசகர் குரல்’ பகுதியில் போடுவதில்லை. நான் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யார் எதற்கு மனு கொடுக்கிறார்கள் என்பது கமிஷனருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் கேட்காது.

போன மாதம் உங்களுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நேற்று வந்தது. மூன்று வரி! ‘எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் மூடப்படாமல் உள்ளது. உரியவர்கள் நடவடிக்கை எடுப்பார்களா?’ சார், இதை நானா எழுதினேன்? நவம்பரில் என் கடைக்குப் பக்கத்தில் தோண்டினார்கள், ஏழு மாசமாக மூடவில்லை, ஆறடி ஆழம், ஒப்பந்தக்காரர் சேர்மனுடைய மச்சான், இதுவரை கொடுத்த பதினாலு மனுவுக்கும் நகல் எடுத்தது நான், ஒரு டீச்சரம்மா விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. இதெல்லாம் எங்கே போனது? எதிர்ப் பக்கத்தில் சேர்மன் முழுப் பக்கத்துக்குக் கைகூப்பிச் சிரிக்கிறார், ‘தூய்மை நகரம்’ என்று. உரியவர்கள், உரியவர்கள் என்று எழுதுகிறீர்களே, அவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இருக்கிறது சார்.

கோபத்தோடு,
ஜெராக்ஸ் கடை

---

ஜூன் 14

அன்புள்ள ஜெராக்ஸ் அம்மாவுக்கு,

இருபத்தாறு வருஷமாகக் கடிதங்களை வெட்டுகிறேன். வெட்டியது யார் என்று கேட்டு இதுவரை ஒருவரும் எழுதியதில்லை. நான்தான் அம்மா. மன்னியுங்கள்.

ஒரு நாளைக்கு எழுபது கடிதம் வரும். எனக்குக் கொடுப்பது நாற்பது வரி. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், மேலே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் ‘நகராட்சியின் ஆழம் தெரிய வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தீர்களே, அதை அச்சில்தான் போட முடியவில்லை. எங்கள் பிரிவு முழுவதும் கேட்கச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

எனக்கும் பேச்சுத்துணை குறைவு. மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் டாக்டர் படிப்புக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள், நாள் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். மறுபடி எழுதுங்கள். இங்கே போன் பண்ண வேண்டாம், யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. கடிதம் என்றால் என் மேசைக்குத்தான் வரும்.

ஏழாம் பக்கம்

---

ஜூலை 2

சாருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். ‘பாரு, மனுஷன் மன்னிப்புக் கேக்குறாரு. நீதான் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிருக்க’ என்றார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று கத்தியதாலோ என்னவோ, வீட்டில் குரல் உயர்த்தியதே இல்லை. தினமும் மத்தியானம் சைக்கிளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் அவரே ஒரு பழைய இரும்பு டிரம்மை வைத்து, கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டினார். போன வாரம் அமைச்சர் இந்த வழியாகப் போகிறார் என்று சுகாதார மேற்பார்வையாளர் வந்தார்.

“யார் இத வெச்சது? பொது வழியில அனுமதி இல்லாம பொருள் வெக்கக் கூடாது.”

“அப்ப பள்ளத்துக்கு அனுமதி இருக்காங்க?” என்று கேட்டார் இவர்.

“பள்ளம் வேற டிபார்ட்மென்ட்.”

டிரம்மை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று டிவிக்காரர்களும் வந்தார்கள். ஒரு பெண் மைக்கை நீட்டி, “அமைச்சர்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?” என்றாள். நான் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டி விடாமல் பேசினேன். சாயங்காலம் செய்தியில் பார்த்தால், குரலை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் அமைச்சருக்குக் கையசைக்கிறேனாம், ‘உற்சாக வரவேற்பு’. வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்துடன் புதுக் கடிதம் தனியாக வைத்திருக்கிறேன். சேர்மன் பெயர், மச்சான் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. போடுவீர்களா?

ஜெராக்ஸ் கடை

---

ஜூலை 8

அன்புள்ள சகோதரிக்கு,

போடுகிறேன். கடிதம் நாலாம் தேதி வந்து அலுவலக முத்திரை விழுந்துவிட்டது. தலைமை உதவி ஆசிரியர் பத்து நாள் விடுப்பில் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமைப் பக்கத்தை நானே முடிக்கிறேன். ஒரு சொல்கூட வெட்ட மாட்டேன், இரண்டு பேருடைய பெயர் உட்பட. இது என் வாக்கு.

எனக்கும் வயதாகிறது அம்மா. ஒரு தடவையாவது முழுசாக ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்டக்டர் ஐயாவுக்கு என் வணக்கம்.

ஏழாம் பக்கம்

---

ஜூலை 13

அண்ணா,

வெள்ளிக்கிழமை பேப்பர் பத்து வாங்கினேன். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். ஏழாம் பக்கத்தைப் பிரித்தால் முழுப் பக்கமும் நகராட்சி விளம்பரம். வாசகர் குரல் பகுதியே இல்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “எங்கக்கா உங்க லெட்டர்?” என்று கேட்டார். அச்சில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

‘அவருக்கு மேலயும் ஆள் இருப்பாங்கல்ல, திட்டி எழுதாத’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் திட்டவில்லை. அடுத்த வாரம் முடியுமா?

ஜெராக்ஸ் கடை

---

ஜூலை 20

அன்புள்ள சகோதரிக்கு,

தலை நிமிர்ந்து எழுத முடியவில்லை. விளம்பரம் வியாழக்கிழமை மாலைதான் வந்தது. நான் முடித்துவைத்த பக்கத்தில் உங்கள் கடிதத்தை மேலிடத்தில் யாரோ படித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் என்னை நகரச் செய்திப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். விபத்து, திருட்டு, மின்தடை அறிவிப்பு. கடிதம் பத்திரமாக என் இழுப்பறையில் இருக்கிறது. வேறு வழி பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அண்ணன்

---

ஆகஸ்ட் 5

அண்ணா,

ஜூலை 29ஆம் தேதி என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

காலை முதல் மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ரோடு எது பள்ளம் எது என்று தெரியாது. வர வேண்டாம் என்று போன் பண்ணினேன். “பசியோட இருப்பியா? தள்ளிக்கிட்டே வந்துடறேன்” என்றார். பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் சைக்கிள் ஹேண்டில் மட்டும் தெரிந்தது.

நகராட்சிப் படிக்கட்டில் நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். இறங்கியது டீக்கடைக்காரரும் ஒரு ஆட்டோ டிரைவரும்தான். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்லாப் கொண்டுவந்து பள்ளத்தை மூடிவிட்டார்கள். ஒன்பது மாசம் முடியாத வேலை, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் உங்கள் பேப்பரில் நாலாம் பக்கம், கீழே, ‘போதையில் கால்வாயில் விழுந்தவர் பலி’. அவர் ஒரு நாளும் குடித்ததில்லை அண்ணா. ஆஸ்பத்திரி அறிக்கையில் மது இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை என் மிஷினிலேயே நகல் எடுத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னிடம் தாழ்ந்த குரலில், “ரொம்ப நாளாவே பழக்கம் உண்டா?” என்று கேட்கிறார்கள்.

அதை யார் எழுதினது? நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள். விசாரித்துச் சொல்லுங்கள்.

---

ஆகஸ்ட் 11

சகோதரிக்கு,

விசாரிக்க ஒன்றுமில்லை. நான்தான்.

நிருபர் அனுப்பியதில் ‘போதையில் தவறி விழுந்ததாகப் போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது’ என்று இருந்தது. பெயர் இல்லை, சுமார் அறுபது வயது ஆண் என்று மட்டும். ஒரு பத்தி அகலம், நாலு சொல்லுக்குமேல் தலைப்பு நிற்காது. ‘கூறப்படுகிறது’ என்பதை எடுத்தேன். செய்தியிலும் இரண்டு வரி கூடுதலாக இருந்தது, அங்கேயும் எடுத்தேன்.

பெயர் இல்லாததால் தெரியவில்லை என்று சொல்லலாம். அது பொய். தெருவைப் பார்த்தேன். உங்கள் பள்ளம் என்று தெரிந்தது. கேட்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கம் முடிக்க இருபது நிமிஷம்தான் இருந்தது. செத்தவர் யாராக இருந்தாலும் பள்ளம் திறந்திருந்தது எனக்குத் தெரியும், அதை ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அவர் உங்கள் கண்டக்டர் என்று உங்கள் கடிதத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.

திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் போய் நின்றேன். திருத்தம் போட்டால் வழக்குக்கு நாமே கதவு திறந்த மாதிரி ஆகும் என்றார். என்னைக் காறித் துப்புங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன் என்று கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவன்

---

ஆகஸ்ட் 16

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். துப்ப வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்த ஊரில் செய்ததைச் செய்தேன் என்று எழுதிய ஒரே ஆள் நீங்கள்.

செப்டம்பர் 3ஆம் தேதி காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் சாவைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரணை. குடித்துவிட்டு விழுந்தார், பள்ளத்தைப் பற்றி எந்தப் புகாரும் வந்ததில்லை என்று நகராட்சி எழுதிக் கொடுத்திருக்கிறது. பதினாலு மனுவும் காணோமாம். என்னிடம் இருக்கும் நகல்களில் முத்திரை இல்லை என்று தள்ளுகிறார்கள். உங்கள் இழுப்பறையில் இருக்கும் கடிதத்தில் ஜூலை 4 முத்திரை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்து, இது வந்தது உண்மை என்று சொன்னால் போதும். உங்களையும் கூப்பிடச் சொல்லி அதிகாரியிடம் மனுக் கொடுத்திருக்கிறேன்.

வருவீர்களா அண்ணா?

---

செப்டம்பர் 6

ஐயா,

மூன்றாம் தேதி உங்களை முதல் தடவையாகப் பார்த்தேன். உயரமாக இருப்பீர்கள் என்று எப்படியோ நினைத்திருந்தேன். உங்களோடு பத்திரிகையின் வக்கீல் வந்திருந்தார். உட்கார நாற்காலியைக்கூட அவர்தான் இழுத்துப் போட்டார்.

அதிகாரி கேட்டார். “இந்த அம்மாவத் தெரியுமா?”

“நேர்ல பார்த்ததில்லைங்க.”

“கால்வாயப் பத்தி இவங்க எழுதின கடிதம் உங்களுக்கு வந்ததா?”

நீங்கள் வக்கீலைப் பார்த்தீர்கள். “தினம் எழுபது கடிதம் வருங்க. ஞாபகமில்ல.”

“இழுப்பறையில இருக்குன்னு இவங்க சொல்றாங்களே?”

“அப்படி எதுவும் இல்லைங்க.”

நேரில் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னது உண்மைதான். உங்கள் நாலு கடிதங்களும் என் மடியில் பைக்குள் இருந்தன. அங்கேயே எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எழுந்து போகும்போது ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று காத்திருந்தேன். வக்கீல் உங்கள் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்கு வந்தேன். எல்லாவற்றையும் இரண்டு இரண்டு நகல் எடுத்தேன். ஆகஸ்ட் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்துவைத்தேன். அது என்னிடம் மட்டும் சொன்னது, ஊரில் காட்டக் கூடாது என்று மனசு சொன்னது. இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் மகள் பரீட்சை, மூடிய கதவு, எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் நீங்கள் வெட்டி எடுத்த ‘கூறப்படுகிறது’ என்ற அந்தச் சொல் அந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறிக்கை என்ன சொன்னாலும், அது இல்லாவிட்டால் ஊருக்கு என் புருஷன் குடிகாரனாகவே இருந்துவிடுவார்.

நேற்று நாலையும் அதிகாரியிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “சொந்தக் கடிதமா இருக்கேம்மா, யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?” என்றார். யோசித்துத்தான் என்றேன். எண் போட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். உங்களை மறுபடி கூப்பிடுவார்கள். வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் பிரிக்க மாட்டேன், உறையோடு அதிகாரியிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கண்டக்டரின் மனைவி