என் விரலுக்குத் திறந்த உன் போன்

ஸ்டூடியோ மாமா,

இன்றைக்கும் விடியற்காலையில் உன் போன் அலாரம் அடித்தது. நீ தோல் பதனிடும் டேனரிக்குக் கிளம்பும் நேரம். பூட்டிக் கிடந்தாலும் எழுப்புவதை மட்டும் அது விடவில்லை. கையில் எடுத்தேன். முகப்பில் அந்தப் பனிமலை, வாங்கும்போதே போனோடு வந்த மலை. உள்ளே அத்தனை படம் எடுத்து வைத்தவனுக்கு, முன்னால் வைக்க ஒன்றுகூடவா கிடைக்கவில்லை? அலாரத்தை நிறுத்தினேன். அது ஒன்றுதான் என்னால் முடிகிறது.

சுண்ணாம்புத் தொட்டியிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறி உன் விரல்களில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. ரேஷன் கடை மெஷின் உன்னை ஏற்றுக்கொண்டதே இல்லை. நான்தான் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வருவேன். இந்தப் போன் வாங்கியபோதும் அதே கதை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "என் வெரல் இதுக்குப் புடிக்கல. உன்னோடத வை," என்றாய். அன்றிலிருந்து உன் போன் என் விரலுக்குத்தான் திறந்தது.

படம் எடுக்கப் பூட்டு கிடையாது, பார்க்கத்தான் பூட்டு. நீ பகலெல்லாம் எடுப்பாய். நான் என் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, டீயோடு உட்கார்ந்ததும் போனை நீட்டுவாய். "வை" என்பாய். தெருவே உன்னை ஸ்டூடியோக்காரன் என்று கிண்டல் செய்தபோதும், எடுத்ததற்கெல்லாம் கதை சொல்வதை நீ விடவில்லை.

டேனரியில் ஆட்டுத்தோல்களைக் காயப்போட்டிருக்கும் இடத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு புகுந்து, ஒவ்வொரு தோலாக மோந்துகொண்டே போகும் படம் ஒன்று. வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தாராம். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாயாம். "அது யாரையோ தேடுதுண்ணே, கொஞ்சம் இரு." எடுத்து முடித்து, நீயே அதைத் தெருவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விட்டாயாம். தோலிலேயே புழங்கின மனுஷன், அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய்.

பாலாற்றில் தண்ணீர் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று படம் எடுத்தது. நீ தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களை எடுத்தாய். அதில் எதிர்வீட்டு கன்னியம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்பார். தண்ணீர் எங்கே என்று நான் கேட்டேன். "தண்ணிய எல்லாரும் எடுப்பாங்க. இந்தம்மா வாய யாரு எடுப்பா?" என்றாய். கன்னியம்மாவிடமும் காட்டினாய். பல்லில்லாத வாய்தான் உனக்குக் கிடைத்ததா என்று திட்டித் தீர்த்துவிட்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

இன்னொன்றில் வெறும் பஸ் கண்ணாடி. அதில் மங்கலாக ஒரு எண்ணெய்க் கறை, அவ்வளவுதான்.

"இன்னா மாமா இது, கழுவாத கண்ணாடிய எடுத்து வச்சிருக்க?"

"நல்லா பாரு. உன் நெத்தி அது."

நான் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்த ஜன்னல். என்னை அழைத்துப்போக வந்து நின்றவன், நான் இறங்கி, பஸ் நகர்வதற்குள் எடுத்திருக்கிறாய். கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு அவள் தலை எண்ணெயை எடுத்தாயே என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். இப்போது அந்தக் கறையைத்தான் பார்க்கவேண்டும்போல இருக்கிறது.

உனக்கு நெஞ்சு வலி வந்து வேலூருக்குக் கொண்டு போனபோது போன் என் பையில் இருந்தது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தின பிறகு அது ஓயாமல் அடித்தது. விஷயம் தெரியாதவர்கள் உன்னையே கேட்டார்கள். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? என் அண்ணன் போனை வாங்கி அணைத்து வைத்தார். நல்லதுக்குத்தான் செய்தார். காரியமெல்லாம் முடிந்து மறுபடி போட்டபோது என் விரலை வைத்தேன். திறக்கவில்லை. அணைத்துப் போட்டதால் நம்பர் கேட்டது. இதற்கு நம்பர் என்று ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிப்போனது.

மகளும் நானும் போட்டுப் பார்க்காத நம்பர் இல்லை. நம் கல்யாண நாள், அவள் பிறந்த நாள், உன் டேனரி டோக்கன் நம்பர், வண்டி நம்பர். தப்பாகப் போடப் போட அது இன்னும் ஜாஸ்தி நேரம் காக்கச் சொல்கிறது. ஆம்பூர் பஜாரில் மொபைல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மெயில், பாஸ்வேர்டு என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? "தொறந்து குடுத்துடுவேன்கா. ஆனா உள்ள ஒண்ணும் இருக்காது," என்றார். அவர் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் கன்னியம்மாவும் போய்விட்டார். அவர் மகன் வந்து நின்றார். ஆதார் கார்டில் இருக்கிற முகம் அம்மா மாதிரியே இல்லையாம். "அந்த வாய் தொறந்த படத்தையாவது குடுங்கக்கா, பிரேம் போடணும்," என்றார். செருப்பைக் கையில் பிடித்திருந்தது, உன்னைத் திட்டியது, மறுபடி காட்டச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, "படம்?" என்றார். போனை அவர் கையில் கொடுத்தேன். பனிமலையைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நீ சொன்ன கதை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை மாமா. வேலையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்கிறேன். ஆடு வருகிறது, பாலம் வருகிறது. ஆனால் கேட்டு வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்க எனக்கு வழியில்லை.

நேற்று வேலை விட்டு வரும்போது மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை வேறொன்று சொன்னார். நம்பர் போட்ட பிறகுதான் விரலையே பதிய முடியுமாம். போன் அணைந்து மறுபடி வரும்போதெல்லாம் நீ நம்பர் போட்டுத்தான் திறந்திருப்பாயாம். "அவருக்கு வெரலே தேவயில்லக்கா. எப்ப வேணும்னாலும் அவரே தொறந்துக்கலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்து டீ போட்டேன். குடிக்க முடியவில்லை.

நீயே திறந்துகொண்டிருக்கலாமே. பிறகு எதுக்கு மாமா தினமும் என் விரலைக் கேட்டாய்?