மூன்று குடும்பத்து மீன்

பதிவு 41. மார்ச் 9, 2071. காலை 8.10. ஆழம் 2,840 மீட்டர்.
நீர்மூழ்கிக் கலம் சீராக இருக்கிறது. வலையில் மூன்று மீன்கள்: வால் நீண்ட குஞ்சு, வாய் பெருத்த பெண், வயிறே இல்லாமல் ஈரலில் சேர்த்ததைக் கொண்டு காலம் தள்ளும் ஆண். எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் குலசேகரன் இவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்தவர். குடும்பத்துக்கு ஒரு பதவி உயர்வு.

பதிவு 42. மார்ச் 10. காலை 11.30.
மரபணு முடிவு வந்தது. மூன்றும் ஒரே இனம். தொட்டியில் அந்தக் குஞ்சு பெண்ணாக மாறியதையும் பார்த்தேன். மேலே கப்பலில் இருக்கும் குலசேகரனுக்கு அனுப்பினேன்.
பதில்: "ரெஜினா, பழைய பட்டியல்ல கை வைக்காதம்மா. அதை வச்சு நாலு பேரு டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க."
நாலாவது ஆள் நான் என்பதைச் சொல்லாமல் விட்டது அவருடைய நாகரிகம்.

பதிவு 43. மார்ச் 12. மாலை 4.05.
காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் காற்று இருபத்தாறு மணி நேரம் தாங்கும். எடையைக் கழற்றினால் கலம் தானே மேலேறும். அதற்கு மூன்று இருக்கைகளில் மூன்று சாவிகளை ஒரே நொடியில் திருப்ப வேண்டும். விதிப்படி மூவர் இறங்க வேண்டும். துறை அனுப்பியது என்னை மட்டும். மற்ற இருவர் குலசேகரன் கற்பனையாகச் சேர்த்த பெயர்கள். பயணப் படிவத்தில் மூன்று கையெழுத்தையும் நானே போட்டேன், இறங்கும் ஆசையில்.

பதிவு 44. மார்ச் 12. மாலை 5.40.
கப்பலிலிருந்தே எடையைக் கழற்ற முடியும். ஆனால் மூவர் இருந்தால் அவர்களேதான் கழற்ற வேண்டும் என்பது விதி; உள்ளே இருப்பது ஒருவர்தான் என்று துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும்.
ரேடியோக்காரர் ஜஸ்டின்: "டாக்டரம்மா, நீங்க ஒத்த ஆளுன்னு நான் கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். சார் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. மூணு பேரையும் தனக்கு நேர்ல தெரியுமாம்."
பிறகு குலசேகரன், கேப்டன் காது கேட்க: "மூணு பேரும் சேர்ந்து திருப்புங்கம்மா. ஒத்துமையா இருங்க."
'மூன்றும் ஒன்றே' என்ற வாக்கியத்தை அந்த மனிதரால் மீனுக்காகவும் எழுத முடியவில்லை, எனக்காகவும் முடியவில்லை.

பதிவு 45. மார்ச் 13. காலை 9.15.
இரண்டு சாவிகளைக் கையாலும், மூன்றாவதைக் கயிறு கட்டிக் காலாலும் திருப்பிப் பார்த்தேன். பதினோரு முறை. கயிறு அறுந்தது. தலை கனக்கிறது. ஆண் மீன் செத்துவிட்டது. ஈரல் தீர்ந்துபோயிருக்கும்.

பதிவு 46. மார்ச் 13. மாலை 6.
ஜஸ்டின் அழுகிறார். துறையில் இரங்கல் தீர்மானம் எழுதியாகிவிட்டதாம். மூவருக்கும் தனித்தனியாக.
இதைக் கண்டெடுப்பவருக்கு: உள்ளே ஓர் உடல்தான் இருக்கும். மற்ற இரண்டைத் தேட வேண்டாம். குலசேகரனைத் தேடவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்துவி