உன் கட்டுரையும் என் பிஸ்கட் டின்னும்

கோலசிலாங்கூர்
புதன்கிழமை

அன்பு மகள் குமுதாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை வசீகரனும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் தோட்டத்துக் கோயில் மாரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி சுகுமாறன் மூவரும் இப்போது நலம். இப்போது என்று ஏன் போட்டேன் என்று நீ யோசிப்பாய், சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுவில் போனை எடுத்து யாருக்கும் அடித்துவிடாதே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டிவிடுவேன், இரண்டும் வேண்டாம் என்றுதான் கையால் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். உன் மாமியார், அதுதான் நம் சம்பந்தியம்மா யோகாம்பாள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார், அதற்குள் நான் உனக்குச் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவாராம். என் உடம்புக்கு வந்ததை என் மகள் அவர் வாயால் கேட்க நான் விடமாட்டேன். ஆகவே கேள், மூன்று வாரத்துக்கு முன்னால் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டேன், இன்று மத்தியானம் ரசம் ஊற்றி இரண்டு கை சோறு சாப்பிட்டேன், துணி கூட நானே காயப்போட்டேன்.

ஆனால் விஷயம் ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, கோயிலில் தொடங்கியது. திருவிழாவுக்கு முந்தின நாள் நானும் பக்கத்து வீட்டுப் பிரமிளாவும் இன்னும் நாலைந்து பேரும் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா புஞ்சாக் ஆலாமிலிருந்து காரில் வந்து இறங்கினார். வந்தவர் கைப்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பார்த்தால் உன் கட்டுரை, கலரில் அச்சடித்து மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார். எங்கட குமுதா எழுதினது என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விளக்கம் வேறு. வயதானவர்கள் கொஞ்ச நாளைக்குள்ளேயே விதவிதமான ஆண்டிபயாட்டிக் மருந்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் குடலுக்கு என்ன ஆபத்து, எத்தனை பேர் அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து நீ எழுதியிருக்கிறாய் என்று சொன்னார். பிரமிளா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஏங்கா ஒங்ககிட்ட சொல்லவே இல்லியா கொமுதா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா, எனக்குப் போன மாசமே அனுப்பிப்போட்டாள், நீங்கள் இன்னும் பாக்கேல்லையோ என்றார். பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கினேன். வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எனக்குப் பொறாமை குமுதா. வேறு நல்ல வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன்னைப் பெற்றவள் நான், நீ எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதிய நாளெல்லாம் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே தண்ணீர் போத்தலோடு நின்றவள் நான், கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீ எங்கட குமுதா ஆகிவிட்டாய். அன்று வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொல்லி அதை நானும் அச்சடித்து வாங்கினேன். பதினான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ், எனக்குப் புரிந்தது மேலே இருந்த உன் பெயர் மட்டும்தான், குமுதா முருகையா. அப்பா பெயர் பக்கத்தில் இருக்கிறது, சரி, அது எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடம் ஒன்று இருக்கிறதாமே, அதைத் தம்பி வாசித்துச் சொன்னான். பேராசிரியருக்கு நன்றி, கூட வேலை செய்தவர்களுக்கு நன்றி, படித்துப் பார்த்துத் திருத்தம் சொன்ன ஓய்வுபெற்ற நர்ஸ் யோகாம்பாள் கதிரவேலுவுக்கு நன்றி. அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்ளோதாம்மா, இதெல்லாம் வேலைக்கு உதவி செஞ்சவங்களுக்கு மட்டும் போடறது லா என்றான். நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இனிமேல்தான் நீ திட்டப் போகும் இடம். பிரிட்ஜுக்கு மேலே நான் வைத்திருக்கும் பிஸ்கட் டின் உனக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கும் என்பதும் தெரியும். தோட்டத்துக் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷம், டாக்டருக்குப் பதிலாக இருந்த உமாபதி டிரெசர் மருந்து எழுத எழுத எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் நான், கேப்ஸ்யூலின் நிறத்தைப் பார்த்தே இது இதற்கு என்று சொல்லிவிடுவேன். தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் யாருக்கு என்ன வந்தாலும் நவமணி அக்காவிடம் கேள் என்றுதான் சொல்வார்கள். கறிவேப்பிலை கேட்பது போல வேலிக்கு மேலே கைநீட்டி மாத்திரை கேட்போம், கொடுப்போம். திருவிழா முடிந்த வாரம் எனக்குப் பல்வலி வந்தது. கிளினிக்கில் ஏழு நாளைக்கு மருந்து கொடுத்தார்கள், மூன்றாம் நாள் வலி நின்றதும் மிச்சத்தை டின்னில் போட்டுவிட்டேன், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. அப்புறம் சளி பிடித்தது, அப்பாவுக்கு முன்பு கொடுத்ததில் மிஞ்சியதைப் போட்டேன். பத்து நாள் கழித்து நீர்க்கடுப்பு, அதற்குப் பிரமிளா வீட்டிலிருந்து வந்தது. அந்தச் சமயத்தில் சம்பந்தியம்மா போன் செய்து, குரல் சரியில்லையே, ஒருக்கா வந்து பாக்கட்டோ என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன் கட்டுரையைத் திருத்தியவரிடம் போய் எனக்கு என்ன மருந்து சாப்பிடலாம் என்று கேட்பதா, எனக்குத் தெரியாத மருந்தா என்ற வீம்புதான்.

பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை, வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்துவிட்டேன், தம்பிதான் தூக்கிக் காரில் போட்டான். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி, தமிழ்ப் பெண்தான், சமீபத்தில் ஏதாவது மருந்து சாப்ட்டீங்களாம்மா என்று நல்ல விதமாகக் கேட்டாள். அதற்கு முன்னாலேயே தம்பி அவளிடம் என் அக்கா ஆராய்ச்சியாளர், ஆண்டிபயாட்டிக் ஆபத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்று பெருமையடித்து முடித்திருந்தான். அந்தப் பெண்ணும் போனிலேயே உன் கட்டுரையைத் தேடி எடுத்துவிட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள். நான் எப்படிச் சொல்வேன். ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தண்ணீர் ஏற்றினார்கள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நவமணி, போன மூண்டு மாசத்திலை என்னென்ன குளிசை போட்டனீங்கள் என்று கேட்டார். மாத்திரையை அவர் குளிசை என்றுதான் சொல்வார். அவரிடமும் ஒன்றும் இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்தார். வாதாடவில்லை, தம்பியிடம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கையில் என் பிஸ்கட் டின். டாக்டரைக் கூப்பிட்டு, என் சாப்பாட்டு மேசை மேலேயே கொட்டி, எது எது பாதியில் நிற்கிறது என்று ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் வேறு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நான் போட்ட மருந்தெல்லாம் சேர்ந்து வயிற்றில் இருந்த நல்ல கிருமிகளையும் அழித்துவிட்டு, ஒரு பொல்லாத கிருமிக்கு இடம் விட்டிருக்கிறது, நீ எழுதியிருப்பது அப்படியே. அதற்கென்று உள்ள மருந்தைக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. இன்னும் இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் குடல் வீங்கி ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும் என்று அந்தப் பெண் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

உயிரைக் காப்பாற்றியவர் மேல் நன்றிதான் வர வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. என் சமையலறைக்குள் நான் இல்லாதபோது போய் என் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாரே என்று கோபம். அதைவிட அந்தக் கேள்வி. போன மூன்று மாதத்தில் என்ன மருந்து சாப்பிட்டாய் என்பது உன்னுடைய கேள்வி, உன் கட்டுரையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்த கேள்வி. வாரா வாரம் போனில் சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறாயே, இதையும் ஒரு தடவை நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாய். இதுதான் எனக்கு நோயை விட அதிகமாக வலித்தது, எழுதிவிட்டேன், இனி மனதில் இல்லை. இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாவம். நர்ஸ் வருவதற்குள் படுக்கையிலேயே ஆகிவிட்டபோது மூன்று தடவை சம்பந்தியம்மாதான் என் சாரோங்கை மாற்றிக் கழுவி விட்டார், முகம் சுளிக்கவில்லை. அப்பா அவரைத் தெய்வம் என்கிறார். ஜாகா காவல் வேலைக்குப் போகும்போதும் சொல்கிறார், வரும்போதும் சொல்கிறார். எனக்குக் காது புளித்துவிட்டது.

படுத்திருந்த நாட்களில் அவர் உன் கட்டுரையைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். முடியும் இடத்தில், வீட்டில் மிச்சம் வைத்துச் சாப்பிடுவதும் அக்கம்பக்கத்தில் வாங்கிச் சாப்பிடுவதும் ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்காது, அதனால் அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று நீ எழுதியிருக்கிறாயாம். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அது நான்தானே. போன சனிக்கிழமை சம்பந்தியம்மா என்னைப் பார்க்க வந்தவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பிரமிளா வீட்டுக்கும் போய், பழைய குளிசை ஏதும் வைச்சிருக்கிறீங்களோ என்று விசாரித்தார். ஐயோ, ஒண்ணுமே இல்லீங்க சிஸ்டர் என்று பிரமிளா கோப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர் கார் முனை திரும்பியதும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரையோடு என் முன்னால் வந்து நிற்கிறாள், அக்கா இதுல எத வெக்கலாம் எத வீசலாம் என்று. எதையும் வைக்காதே என்றேன். தம்பி அதையும் என் டின்னில் இருந்ததையும் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் கொடுத்துவிட்டான். அடுத்து நீ அந்தத் தெரியாதவர்களைப் பற்றி எழுதப் போவதாகச் சம்பந்தியம்மா சொன்னார், பார், அதையும் அவர்தான் சொன்னார். எழுது. ஆனால் அவருடைய நோட்டில் ஒரு வரி கூட விழாது. இந்தத் தாமானில் எந்த வீட்டு மேசை டிராயரில் என்ன இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் எனக்குத்தான் சொல்வார்கள். முதலில் என்னை எழுதிக்கொள். அறுபத்து மூன்று வயது, ஆறு வாரத்தில் மூன்று விதம், எதையும் முடிக்கவில்லை, டாக்டரிடம் பொய் சொன்னாள். பெயர் போட வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே, ராத்திரி வேலை பார்த்துவிட்டு ரொட்டியைத் தின்று படுக்காதே. நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடி முடிந்து பல பேர் உயிருக்கு உதவியாக இருந்து, நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. இதைப் படித்து முடித்ததும் முதலில் சம்பந்தியம்மாவுக்குப் போன் அடித்து, அம்மாவைக் காப்பாற்றினீர்கள் என்று நன்றி சொல், என் வாயால் எனக்கு இன்னும் சொல்ல வரவில்லை. அதன் பிறகு எனக்கு அடி. அவரோடு ஐந்து நிமிஷம் போதும்.

உன்னைப் பெற்ற அம்மா,
நவமணி முருகையா