பிர்ச் மரத்தில் விட்ட மிச்சம்

என் அன்புக்குரியவனே,

அன்று காட்டில் "ஏன் பேசாம இருக்க?" என்று நீ கேட்டபோது, என் மார்பில் ஒரு கட்டி இருப்பதை நான் சொல்லவில்லை. மறுநாள் நீ எண்ணெய் வயல் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

பிர்ச் மரத்தில், நாம் டீ போட்டுக் குடிக்கும் 'சாகா' என்ற காளான் கரிக்கட்டி போலப் புடைத்திருந்தது. நீ ஏறிக் கோடரியால் கொத்தினாய். கீழிருந்து அத்தை கத்தினார்.

"முழுசா எடுத்துடாதடா! கொஞ்சம் விட்டு வை, மறுபடி வளரும்."

"மரத்துக்கு டீ போடத் தெரியுமாம்மா?"

"உன்னைவிட நல்லாப் போடும், இறங்கு!"

இருவரும் சிரித்தீர்கள். நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறிந்த கிளையின் காயம் வழியாக நுழைந்து, பல வருடம் உள்ளேயே மரத்தைத் தின்ற பிறகுதான் அந்தக் காளான் பட்டையைப் பிளந்து வெளியே தெரியும். அதுவரை மரம் நன்றாகத்தான் தழைக்கும்.

நீ போனபின் அந்தக் காளான் டீயைத் தினமும் குடித்தேன். எந்தக் கட்டியையும் கரைக்கும் என்பார்களே! ஆனால் ஒவ்வொரு மடக்கிலும் "மறுபடி வளரும்" என்ற அத்தையின் குரல்தான் கேட்டது. உட்கார முடியவில்லை, புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓப் ஆறு உறைவதற்குள், கடைசிப் படகில் நகர மருத்துவமனைக்கு வந்துவிட்டேன்.

கொஞ்சம்கூட விட்டு வைக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன். நேற்று என் இடது மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

உன் மனைவி