ஆறு யானைப் பாரம்

மார்ச் 4

உத்தரவாதப் பிரிவின் மகாராணியான என் அருமை மருமகளுக்கு,

சலவைக்கடைச் சக்கரவர்த்தியாகிய உன் மாமா எழுதுவது. நான்கு மாதம் முன்பு உங்கள் கடையில் வாங்கிய பழைய வேன் நேற்று நடுச்சாலையில் உயிரை விட்டது. இன்ஜின் போட்ட அலறலில் மூன்று ஊர்க் காக்கைகள் குடிபெயர்ந்தன. எழுந்த புகையில் சூரியன் இருமினான். என் காதால் கேட்டேன். வண்டியை உங்கள் பட்டறையில் விட்டிருக்கிறேன்.

ஆறு மாத உத்தரவாதம் இருக்கிறதே, விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். சீக்கிரம் பாரம்மா. நாங்கள் துணி வெளுக்கும் விடுதிக்காரர், இருபதாம் தேதிக்குள் வண்டி ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். அந்த ஒரு விடுதிதான் எங்கள் சோறு.

நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள் உன் அத்தை.

தோல்வியை வெளுத்துக் காயப்போட்டவன்,
மாமா

மார்ச் 8

அன்புள்ள மாமா,

சாப்பிட்டேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள். உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டதே நான்தான்.

‘ஒரு நடைக்கு எவ்வளவு பாரம்?’ என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? ‘ஆறு யானை. ஏழாவது கூரைமேல்.’ மேனேஜர் அதைச் சத்தமாகப் படிக்க, அலுவலகமே சிரித்தது. பிறகு அவர் சொன்னார்: “அளவுக்கு மீறி ஏத்தினேன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரேம்மா.” அப்படி வரும் பழுதுக்கு உத்தரவாதம் கிடையாது.

சொந்தக்காரருக்காக நான் பேசவும் முடியாது. மேல்முறையீடு ஒரே ஒரு முறை செய்யலாம். யோசித்து எழுதுங்கள்.

மருமகள்

மார்ச் 9

மருமகளே,

யானையை உன் மேனேஜர் தராசில் ஏற்றிப் பார்த்தாரா? விடமாட்டேன். ஏழு கடல் தாண்டியாவது வழக்காடுவேன்!

உன் கடிதத்தை அத்தையும் படித்தாள். “இருபத்தெட்டு வருஷமா உங்க வாயை நான் தாங்குறேன், என் தலையெழுத்து. இன்ஜினுக்கு என்ன தலையெழுத்து?” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மாமா

மார்ச் 12

உத்தரவாதப் பிரிவுக்கு,

விண்ணப்பத்தில் பாரம் பற்றி எழுதியது உண்மையல்ல. விளையாட்டாக எழுதிவிட்டேன்.

சலவைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் என் மனைவி நிறுத்து நோட்டில் எழுதுவாள். ஒருநாளும் தவறியதில்லை. நான்கு மாதத்தில் அதிகபட்சப் பாரம் 310 கிலோ. வண்டிக்கு அனுமதி 700. நோட்டின் நகல் இணைத்துள்ளேன். உங்கள் பட்டறையிலேயே இரண்டு முறை ஆயில் மாற்றிய ரசீதுகளும் உள்ளன.

வண்டி நின்றபோது ஆயில் அளவு சரியாக இருந்தது. இருந்தும் அது இன்ஜினுக்குள் ஏறவில்லை என்றே நினைக்கிறேன். ஆயில் பம்பைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்போது துணியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறோம். முன்னால் நான் இழுக்கிறேன். பின்னால் அவள் தள்ளுகிறாள். நேற்று வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

வேறு இன்ஜின் பொருத்தித் தர வேண்டும்.

வண்டி உரிமையாளர்

மார்ச் 17

அன்புள்ள மாமா,

பம்பின் பல்சக்கரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. விற்கும்போதே இருந்த தேய்மானம் என்று எங்கள் மெக்கானிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். நான்கு மணி நேரம் நீங்கள் வாயே திறக்காமல் நின்றதில் மனிதர் அரண்டுபோயிருக்கிறார். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. வேறு இன்ஜின் பொருத்துகிறார்கள். பத்தொன்பதாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தள்ளுவண்டியைத் தேர் என்றுகூட எழுதவில்லையே, மாமா.

பெறுகைப் படிவம் இணைத்திருக்கிறேன், வண்டியை எடுத்து முதல் நடை போனதும் நிரப்பி அனுப்புங்கள். கட்டங்களில் நிஜம் மட்டும். கடைசியில் ‘கருத்து’ என்று ஓர் இடம் இருக்கும். அதை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

மருமகள்

பெறுகைப் படிவம்

தேதி: மார்ச் 19
முதல் நடைப் பாரம்: 290 கிலோ. நிறுத்தது உன் அத்தை.
கருத்து: புது இன்ஜின் உறுமியதில் போன காக்கைகள் குடும்பத்தோடு திரும்பிவிட்டன. ஆறு யானையும் ஏறிக்கொண்டன. ஏழாவதுதான் கூரையைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வரும் வழியெல்லாம் உன் அத்தை முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் நிஜம்.