ஷத்லியாவின் வலைப்பூ வீடு மாறியது

ஸ்ஃபாக்ஸ்
நவம்பர் 3

காபெஸில் தங்கை வீட்டுச் சாப்பாட்டில் கொழுத்துக்கொண்டிருக்கும் என் கணவர் மூல்தியாருக்கு,

ஷத்லியா எழுதுவது. நான் நலம். குறட்டைச் சத்தம் இல்லாததால் மாடிப் பூனையும் நலம். "போன்ல உன் வாய்க்கு முன்னால என்னால நிக்க முடியாது, எதுவானாலும் எழுது" என்று உங்கள் தங்கை ஹனியாவிடம் சொல்லி அனுப்பினீர்களாம். மூன்றாம் வகுப்போடு நின்றவளைப் பேனா பிடிக்க வைத்த புண்ணியம் உங்களுக்கே சேரட்டும்.

விஷயம் இதுதான். என் வலைப்பூ இருக்கிற இடத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். அதற்குள் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகாவிட்டால் எல்லாம் போச்சு. வருஷக்கணக்கில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் போட்டது. தெருவில் நடந்த கல்யாணம், சாவு, எந்த வீட்டு மிளகாய் விழுதில் உப்புக் கூடியது, ஒன்று விடவில்லை. அதைத் தொடங்கிக் கொடுத்தது நீங்கள். பாஸ்வேர்டு இருப்பதும் உங்களிடம்தான். கோபத்தை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு மாற்றிக் கொடுங்கள்.

காபெஸ் வண்டி ஓட்டும் ஜிலானியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு டப்பா வறுத்த பாதாம். வழியில் அவன் தின்றது போக மிச்சம் உங்களுக்கு.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
ஷத்லியா


காபெஸ்
நவம்பர் 5

ஷத்லியாவுக்கு,

டப்பா வந்தது. பாதாம் வரவில்லை.

மாற்றித் தருகிறேன். ஆனால் ஆட்டுப் பதிவு புது இடத்துக்கு வராது. பெருநாளுக்கு வாங்கிய ஆட்டை மாடியில் கட்டி வளர்த்தேன், அறுக்கிற அன்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன் என்று ஊருக்கே எழுதினாய். அன்றிலிருந்து காபிக் கடைக்குள் நான் காலை வைத்தால் மூலைக்கு மூலை "மே". சீட்டு போடுகிறவன்கூட "மூல்தி, உன் ஆட்டம், மே" என்கிறான். அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே என்னை ஒருவனுக்கும் தெரியாது. நிம்மதி. அந்தப் பதிவு இருக்கும்வரை நான் ஸ்ஃபாக்ஸுக்குத் திரும்ப மாட்டேன்.

மேலும், நான் அழவில்லை. கண்ணில் வெங்காயம் பட்டது. அதைப் பின்னூட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறேன்.

மூல்தி


ஸ்ஃபாக்ஸ்
நவம்பர் 7

வெங்காய வியாபாரி மூல்தியாருக்கு,

குளியலறையில் என்ன வெங்காயம்? சோப்பு தீர்ந்து போயிருந்ததா?

ஆட்டுப் பதிவை எடுக்க முடியாது. வாசகிகள் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே "பொய், இரண்டு மீன் இல்லை, மூன்று", "என் அம்மா அப்படிச் சொல்லவே இல்லை" என்று நீங்கள் மல்லுக்கு நின்றீர்களே, நான் எதையாவது அழித்தேனா? வந்தால் எல்லாம் வரட்டும். இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம்.

உங்கள் கம்பளி மேலங்கியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஜிலானியிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். குளிர்ந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷத்லியா


ஸ்ஃபாக்ஸ்
நவம்பர் 14

மூல்தியாரே,

பதிலே இல்லையே என்றிருந்தேன். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்?

இன்று காலை மோஞ்சியா வீட்டு வாசலில் ஒரே ஒப்பாரி. "மோஞ்சியாவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று நான் எழுதியிருந்தேனே, அது அவளுடைய முதல் புருஷன், எந்தக் காலத்திலோ. அந்தப் பதிவு நேற்றைய தேதியோடு எல்லோருக்கும் மின்னஞ்சலில் போயிருக்கிறது. அழுதுகொண்டு போன பெண்களுக்குக் கதவைத் திறந்தவர் இரண்டாவது புருஷன். "காபி குடிச்சிக்கிட்டிருக்கேன். நான் எப்ப போனேன்?" என்றாராம். அவரைப் பார்த்து ஒருத்திக்கு மயக்கம். மாவு மில்காரர் மகள் ரஃபீக்காவுக்கு நிச்சயதார்த்தம் என்று இன்னொரு பழைய பதிவு. வெளியூரில் இருக்கிற அவள் மாமியார் போனில், "என் பையன் உசுரோட இருக்கறப்பவே வேற மாப்பிள்ளை கேக்குதா உனக்கு?" என்று பிடித்துக்கொண்டாள்.

தெருவில் தலை காட்ட முடியவில்லை. சிரித்துச் சிரித்து விலாவும் வலிக்கிறது. உடனே எழுதுங்கள்.

ஷத்லியா


காபெஸ்
நவம்பர் 16

ஷத்லியா,

தப்பு என்னுடையதுதான். மாற்றும்போது எல்லாப் பதிவும் ஒரே மூட்டையாகத்தான் போகும். போய்ச் சேர்ந்ததும் ஆட்டை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று திட்டம். புது இடத்தில் "வாசகர்களுக்கு அனுப்பு" என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நீ எழுதிய அத்தனையும் புதுசு போலக் கிளம்பிப் போய்விட்டது. ஆடும்தான்.

ஹனியாவும் உன் வாசகி என்பது எனக்குத் தெரியாது. ஆட்டுக் கதையைப் பெண்கள் குளிக்கும் ஹம்மாமில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். இன்று காலை இங்கே காபிக் கடைக்குப் போனேன். முகம் தெரியாத ஒரு கிழவர் எழுந்து நாற்காலி கொடுத்து மரியாதையாக "மே" என்றார்.

இன்னொன்று. பின்னூட்டம் எதுவும் புது இடத்துக்கு வரவில்லை. பதிவுகள் மட்டும்தான் வரும் போலிருக்கிறது. இனி நீ சொன்னதுதான் சரித்திரம். இரண்டு மீன்தான். சந்தோஷமா?

புது இடத்துப் பாஸ்வேர்டை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆட்டை நான் அழிக்கவில்லை. ஊர் முழுக்கப் படித்த பிறகு அழித்து என்ன ஆகப்போகிறது? நான் தென்பக்கமாக மெத்னீனுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். அங்கே நமக்கு உறவு யாரும் இல்லை.

மூல்தி


ஸ்ஃபாக்ஸ்
நவம்பர் 17

அன்புள்ள மூல்திக்கு,

மெத்னீனுக்கெல்லாம் போக வேண்டாம். அங்கே ஒட்டகத்தைப் பார்த்து அழுவீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் ஆட்டுப் பதிவைப் புது இடத்தில் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் எழுதியதுதான். ஆனால் கீழே நீங்கள் இல்லை. நீங்கள் கத்திக்கொண்டிருந்தபோது அது புருஷன் பெண்டாட்டி சண்டை, ஊர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. இப்போது ஒருத்தி மட்டும் பேசுகிறாள், தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் ஒரு மனுஷன் அழுகிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழித்துவிட்டேன். நீங்கள் கேட்டதற்காக இல்லை.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் சப்பென்று இருக்கிறது. ஒரு வாசகி, "அக்கா, மாமா எங்கே? யாருமே உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்களே" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

ஷத்லியா


நம் வீட்டு வாசல்
நவம்பர் 19, சாயங்காலம்

ஷத்லியா,

நீ நிதானமாகத்தான் படிப்பாய் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆட்டுப் பதிவு இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வெறிச்சென்று இருந்தது. என்னிடம் இருந்த மூட்டையிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டேன். டிக்கை எடுத்துவிட்டுத்தான் போட்டேன், பயப்படாதே. கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "அழுதது உண்மை. என் கையில் தர்பூசணித் தோல் தின்ற ஆடு அது. உங்களில் எவன் அழவில்லையோ அவன் வந்து மே சொல்லட்டும்."

ஜிலானி அதைப் படித்துவிட்டான். வண்டியில் மே சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. சின்ன வயசில் அவன் வளர்த்த ஆட்டைப் பற்றி ஸ்ஃபாக்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். மூக்கையும் இரண்டு தரம் சிந்தினான்.

மீன் விவகாரத்தில் தொடங்கி மற்ற பதிவுகளுக்கும் என் மறுப்பை மறுபடி எழுத வேண்டும். நிறைய நாள் பிடிக்கும். உட்கார இடம் வேண்டும்.

இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியேதான் நிற்கிறேன். ஹனியா ஒரு மூட்டை மாதுளம்பழத்தைத் தலையில் கட்டிவிட்டாள். சீக்கிரம் படி, கை வலிக்கிறது.

மூல்தி