ஓட்டை விழாத வெல்டிங்

மாப்ள,

இன்று காலை பட்டறையில், அலுமினியம் துடைக்கும் அசிட்டோன் டின்னைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய், கையில் துணியோடும் வாயில் திட்டோடும். "அலுமினியத்த வெறுங்கையால தொடாத மச்சான். விரல் பட்டாலே எண்ணெ. எண்ணெ பட்டா ஓட்ட." தங்கையின் புருஷன் என்று உன்னை நான் பதிலுக்குத் திட்டியதே இல்லை. இப்போது வாய் நிறையத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோயில் பட்டறையில் எந்தக் குழாயும் நம்மிடம் இந்த அளவுக்கு மக்கர் பண்ணியதில்லை. மாமல்லபுரம் பக்கம், கழிமுகத்தில் நின்ற அந்த உல்லாசப் படகில்தான் சனி பிடித்தது. குனிந்தே உட்கார வேண்டிய அடியறை. அங்கே அலுமினியக் குழாய்களை இணைக்க வேண்டும். நீ வைத்த வெல்டிங் எல்லாம் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை ஓட்டையாக வந்தது, சுற்றிலும் கரி. மறுபடி துடைத்தாய். பிரஷ் போட்டுத் தேய்த்தாய். புதுக் கம்பி பிரித்தாய், கேஸ் ஹோஸ் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாய், கடைசியில் சிலிண்டரையே மாற்றினோம். அப்படியும் ஓட்டை. "இன்னா பேஜாருடா இது" என்று மேலே வந்து பீடியைப் பற்ற வைத்தாய்.

கடல் காற்று அந்தப் புகையை இழுத்துக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்தாய். "காத்து மச்சான். காத்துதான் நம்ம கேஸ அடிச்சிகினு போவுது."

நீ கண்டுபிடித்தது சரி. உருகும் அலுமினியத்தை மூடிக் காப்பது ஆர்கான் கேஸ். அதைக் காற்று கலைத்தால் ஓட்டைதான். நீ செய்த வைத்தியமும் நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அடியறை ஃபேனை நிறுத்தினாய், வாசலைத் தார்ப்பாயால் மூடினாய், கேஸைக் கூட்டி வைத்தாய். "ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டேன். "ஆர்கான் பத்திக்காது, நாறாது, கண்ணும் எரியாது. தங்கமான கேஸு" என்றாய். நானும் அப்படித்தான் நம்பினேன். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கி மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும் என்று ஒருத்தரும் நமக்குச் சொன்னதில்லை. திறந்த பட்டறையில் அது தெரியாமலே காலம் ஓடிவிட்டது.

நான் மேலே குழாய் அறுத்துக்கொண்டிருந்தேன். "வெல்டிங்கு கண்ணாடி மாறி கீது மச்சான்" என்று கீழிருந்து கத்தினாய். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சாப்பிடக் கூப்பிட வந்து தார்ப்பாயை விலக்கியபோது, குழாயில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். "இன்னா மாப்ள, வூட்ல தூங்கலியா" என்று கேட்டேன். கடைசியாக உன்னிடம் பேசியது அதுதான். இறங்கப் போன என்னைப் படகுக்காரர் இடுப்போடு பிடித்து நிறுத்தினார். கயிறு போட்டுத்தான் உன்னை இழுத்தோம்.

"வலிச்சிருக்குமாண்ணா?" என்று தங்கச்சி கேட்டாள். "இல்லம்மா, தூக்கம் வர மாறிதான் இருந்திருக்கும்" என்றேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

நீ வைத்த இணைப்புகளைச் சோதித்தவர்கள் ஒரு ஓட்டைகூட இல்லை என்று பாராட்டினார்கள். அந்தக் குழாய்களோடுதான் படகு இன்னமும் ஓடுகிறது.

இப்போது எங்கே வேலை என்றாலும் வாசலை மூட விடுவதில்லை. "காத்து வந்தா ஓட்ட வுழுமே" என்று மறைமலைநகரில் மேஸ்திரி சண்டைக்கு வந்தார். "வுழட்டும்யா. அறுத்துட்டு மறுபடி வெப்போம்" என்றேன். தொட்டிக்குள்ளோ அறைக்குள்ளோ ஆள் இறங்கினால் வெளிக்காற்றை ஊதும் குழாயும் கூடவே இறங்கும். நான் வாசலிலேயே உட்கார்ந்து, சும்மா சும்மா பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் வந்தால்தான் அடுத்த வேலை. வேலைக்கு வரும் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று தொட்டிக்குள் அவர்களில் ஒருவன், ரமேஷ், இருந்தான். ஏதோ நினைப்பில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவன் கேட்கவில்லை.

"இங்கதான் கீறேண்ணா" என்றான் உள்ளேயிருந்து.